ஈரக் காட்டின் தரைத் தட்டைப்புழுக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுத் தரையில் வாழும் தட்டைப்புழுக்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், கேட்பவர் மாணவராக இருந்தாலும் மலையேறுபவராக இருந்தாலும், ஏறத்தாழ ஒரே ஐயங்கள்தாம் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் விடை சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. பின்னால் வரும் விடைகள், முன்னால் உள்ளவற்றைப் படித்தவர்களுக்காக எழுதப்பட்டவை. ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இந்த உயிரின் உருவம், நடை, ஒளிவிடம் என எதைப் பற்றிக் கேட்டாலும், காரணத்தைத் தேடிப் போனால் அது பெரும்பாலும் ஈரத்தில்தான் போய் முடியும்.

1. தட்டைப்புழு என்றால் குடலுக்குள் இருக்கும் நாடாப்புழுதானே? அது எப்படிக் காட்டில் ஊரும்?

நாடாப்புழுவும் கல்லீரல் புழுவும் தட்டைப்புழுத் தொகுதியைச் சேர்ந்தவைதாம். பள்ளிப் பாடத்தில் அவற்றையே முதலில் படிப்பதால், தொகுதி முழுவதும் ஒட்டுண்ணிகள் என்ற எண்ணம் பதிந்துவிடுகிறது. ஆனால் அதே தொகுதியில், வேறு எந்த உயிரையும் ஒட்டி வாழாமல் தாமே இரை தேடி உண்ணும் புழுக்களும் ஏராளமாக உள்ளன. கடலிலும் ஓடைகளிலும் குளங்களிலும் அவை உண்டு. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் பிளனேரியா அவற்றுள் பலரும் கேள்விப்பட்ட ஒன்று. அந்தப் பிளனேரியாவின் தரைவாழ் உறவினர்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

அறிவியலில் இவை ஜியோபிளானிடே என்ற குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளன. இதுவரை 900க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் இனத்தை டென்மார்க்கைச் சேர்ந்த ஓ. எஃப். முல்லர் 1774ஆம் ஆண்டில் விவரித்தார்.

2. நான் பார்த்தது அட்டையா, ஓடில்லா நத்தையா, தட்டைப்புழுவா? எப்படிக் கண்டுபிடிப்பது?

அட்டையின் உடல் நெருக்கமான வளையங்களால் ஆனது. இரு முனைகளிலும் ஒட்டுறுப்பு உண்டு. உடலை வளைத்து வளைத்து அடியளந்து நகரும். ஓடில்லா நத்தைக்குத் தலையில் உணர்கொம்புகள் இருக்கும். உடலின் வலப்பக்கத்தில் மூச்சுத்துளை ஒன்று திறந்து மூடுவதைக் காணலாம். மண்புழுவுக்கு வளையங்கள் உண்டு, உடல் உருண்டை. தட்டைப்புழுவிடம் இவற்றில் எதுவுமே இல்லை. வளையம் இல்லை, ஒட்டுறுப்பு இல்லை, மூச்சுத்துளை இல்லை. பளபளப்பான, மெலிந்த, நீண்ட உடல் மட்டுமே. அது எந்தத் தத்தளிப்பும் இன்றி ஒரே சீராக வழுக்கிச் செல்லும்.

பல இனங்களின் முதுகில் தலை முதல் வால் வரை நீளக்கோடுகள் ஓடும். கறுப்பு, பழுப்பு, மஞ்சள், ஆரஞ்சு, சில சமயம் நீலம்கூட உண்டு. சில மில்லிமீட்டர் அளவே உள்ளவை முதல் 30 சென்டிமீட்டரைத் தாண்டுபவை வரை இருக்கின்றன. ஜப்பானில் காணப்படும் பைபேலியம் நோபைல் என்ற இனம் ஒரு மீட்டர் வரை நீளக்கூடியது. ஆனால் நீளத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்; ஒரே புழு நீண்டு செல்லும்போது நூலாகவும், சுருங்கிக் கிடக்கும்போது குறுகிய தடித்த கட்டியாகவும் தெரியும்.

3. இவை எந்த நாடுகளில் இருக்கின்றன?

அண்டார்க்டிக்காவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் உள்ளன. ஆனால் பரவல் சீரானதன்று. பிரேசிலின் அட்லாண்டிக் காடுகள், தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற வெப்பமண்டல, தென்கோள நிலங்களில் இனங்கள் மிகுதி. ஐரோப்பாவுக்கு உரிய இனங்கள் மிகக் குறைவு.

இலங்கைக்கு இந்த ஆய்வின் வரலாற்றில் தனி இடம் உண்டு. 1871ஆம் ஆண்டின் முழுச் சூரிய கிரகணத்தைக் காண வந்த குழுவில் ஒருவரான ஹென்றி மோஸ்லி, அங்கே திரட்டிய தரைத் தட்டைப்புழுக்களை நுண்ணிய சீவல்களாக வெட்டி உள்ளமைப்பை ஆராய்ந்து, 1874இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் இவ்வுயிர்களின் உடலுக்குள் என்ன இருக்கிறது என்பதை அவ்வளவு தெளிவாகக் காட்டியவர்கள் அரிது.

4. ஈரமான இடத்தில் மட்டும்தான் இருக்கின்றன. ஏன்?

தரைக்கு வந்த பெரும்பாலான உயிர்கள், நீர் வெளியேறாமல் தடுக்க ஏதாவது ஒரு காப்பைப் பெற்றிருக்கின்றன. பூச்சிக்கு மெழுகு பூசிய புறத்தோடு உண்டு. நத்தைக்கு ஓடு உண்டு. பல்லிக்குச் செதில் உண்டு. தரைத் தட்டைப்புழுவுக்கு எதுவும் இல்லை. அதன் தோல் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது, அதன்மேல் கோழைப் படலம், அவ்வளவுதான். காற்று உலர்ந்தால் உடலின் நீர் நேரடியாக ஆவியாகிப் போகும்.

அப்படியானால் அந்தத் தோலைத் தடிமனாக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். இதற்கு நுரையீரலும் இல்லை, செவுளும் இல்லை, இரத்தமும் இல்லை. ஒவ்வொரு செல்லுக்கும் வேண்டிய ஆக்சிஜன் தோலின் வழியாகவே ஊடுருவிச் சென்றாக வேண்டும். உடல் தட்டையாக இருப்பதன் பயனும் அதுவே: எந்தச் செல்லும் வெளிப்பரப்பிலிருந்து அதிகத் தொலைவில் இருக்காது. ஆனால் ஆக்சிஜன் நுழையும் வழியே நீர் வெளியேறும் வழியாகவும் இருப்பதால், மூச்சுவிட வேண்டுமானால் ஈரத்தை இழந்துதான் ஆக வேண்டும். இழப்பைக் குறைக்க அதனிடம் உள்ள ஒரே வழி, நீராவி நிறைந்த காற்று தேங்கி நிற்கும் இடத்தை விட்டு அகலாமல் இருப்பதுதான். விழுந்து கிடக்கும் மரத்தின் அடிப்பகுதி, ஆழமான சருகுப் படுகை, பாறையின் கீழ்ப்புறம், மக்கிய கட்டையின் உட்பிளவு ஆகியவையே அதன் உலகம்.

5. ஈரம் அவ்வளவு தேவை என்றால் தண்ணீரிலேயே வாழலாமே?

இவற்றின் முன்னோர்கள் நன்னீரில் வாழ்ந்தவைதாம். மரபணு ஒப்பீடுகளும் தரைத் தட்டைப்புழுக்களை நன்னீர்ப் பிளனேரியாக்களின் ஒரு பிரிவுக்கு மிக நெருக்கமாகவே வைக்கின்றன. ஆனால் தரைக்கு வந்தவை இப்போது நீருக்குள் வாழ ஏற்றவை அல்ல. வெள்ளம் தேங்கிய மண்ணிலிருந்து அவை மேலேறி வருகின்றன; கனமழைக்குப் பிறகு பாதைகளிலும் சுவர்களிலும் அவை கண்ணில் படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, அவற்றுக்கு வேண்டியது ஈரம், வெள்ளம் அன்று.

6. வறண்ட மாதங்களில் ஒன்றைக்கூடக் காணோம். செத்துவிடுகின்றனவா?

சில இறக்கின்றன, பல கீழே இறங்கிவிடுகின்றன. தட்டைப்புழுவால் மண்புழுவைப் போலத் தானே வளை தோண்ட முடியாது. ஏற்கெனவே இருக்கும் வெடிப்புகள், அழுகிய வேர் விட்டுச்சென்ற துளைகள், மண்புழு வளைகள் ஆகியவற்றின் வழியாக ஆழத்துக்குச் சென்று, உடலைச் சுருட்டி, கோழை சூழக் கிடக்கும். சுருண்டு கிடந்தால் காற்றுப்படும் பரப்பு குறையும் என்பதால் இழப்பும் குறையும்.

மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்ட இனமும் உண்டு. பிரேசிலிலிருந்து 1857இல் விவரிக்கப்பட்ட ஜியோபியா சப்டெரேனியா மண்புழு வளைகளில் வாழ்ந்து அவற்றையே உண்கிறது. அதற்குக் கண்ணும் இல்லை, உடலில் நிறமும் இல்லை.

7. காலே இல்லை, நெளிவதும் இல்லை. எப்படி நகர்கிறது?

வயிற்றுப்புறத்தில் ஊர்தடம் என்று சொல்லத்தக்க ஒரு பட்டை உண்டு. அதில் எண்ணற்ற குறுயிழைகள் அடர்ந்திருக்கும். புழு முதலில் கோழையைச் சுரந்து தரையில் பரப்பும். அந்தக் கோழைக்குள் குறுயிழைகள் ஒருசேர அடித்து உடலை முன்னே தள்ளும். தசைகளும் தேவைப்படும்போது கைகொடுக்கும். கண்ணாடித் தட்டின் மேல் ஊரவிட்டு அடியிலிருந்து பார்த்தால், உடலின் முழு அகலமும் தரையைத் தொடவில்லை என்பது தெரியும். பைபேலியம் பேரினத்தில் நடுவே வெளிறிய ஒரு குறுகிய வரி மட்டுமே ஒட்டியிருக்கும். எனக்கு இது மிக அழகான ஏற்பாடாகத் தோன்றுகிறது: கோழை என்பது பெரும்பாலும் நீர், ஊர்தடம் குறுகினால் வழிநெடுக விட்டுச் செல்லும் நீரும் குறையும்.

அதே கோழை கயிறாகவும் பயன்படும். செடியின் நுனிக்கு ஏறிய புழு, கோழை நூலில் தொங்கியபடி மெல்லக் கீழே இறங்குவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

8. சிலவற்றின் தலை சுத்தியல் மாதிரி விரிந்திருக்கிறதே, அது எதற்கு?

அது பைபேலியம் பேரினத்துக்கும் அதன் நெருங்கிய உறவினருக்கும் உரிய அடையாளம். சுத்தியல்தலைப் புழு என்று பெயர் பரவியிருந்தாலும், அகன்ற மண்வெட்டி போன்றது என்றால் இன்னும் பொருந்தும். அந்தத் தலையின் விளிம்பை ஒட்டிக் கீழ்ப்புறத்தில், வேதிப்பொருள்களை உணரும் நுண்குழிகள் வரிசையாக இருக்கின்றன. புழு ஊரும்போது தலையைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தி, இடமும் வலமும் அசைத்து, விளிம்பை அலை அலையாக நெளித்து, இடையிடையே தரையைத் தொட்டுப் பார்க்கும். மண்புழு விட்டுச் சென்ற கோழைத் தடத்தை அது பின்தொடர்வது இப்படித்தான். தலை எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலமான பரப்பை ஒரே அசைவில் துழாவ முடியும்.

9. கண் உண்டா?

உண்டு, ஆனால் உருவங்களைக் காணும் கண் அன்று. நிறமிக் கிண்ணத்துக்குள் சில ஒளியுணர் செல்கள் மட்டுமே அமைந்த புள்ளிகள் அவை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை அவற்றால் அறிய முடியும். சில பிரிவுகளில் இரண்டே கண்கள் இருக்கும். வேறு சிலவற்றில் தலையைச் சுற்றியும் உடலின் பக்கங்களிலும் நூற்றுக்கணக்கில் சிதறியிருக்கும். வெளிச்சம் பட்டால் புழு விலகிப்போகும். வெளிச்சம் இருக்கும் இடம் பெரும்பாலும் உலர்ந்த இடம் என்பதால், இந்த ஒரு பழக்கமே அதை நான்காம் கேள்வியில் சொன்ன ஆபத்திலிருந்து காக்கிறது. இரவில் மட்டும் வெளியே உலவுவதும் இதனால்தான்.

10. மக்கிய மரத்தைத் தின்று வாழும் என்று படித்தேன். உண்மையா?

இல்லை. தரைத் தட்டைப்புழுக்கள் புலால் உண்பவை. ஆனால் நீங்கள் படித்ததற்கு ஒரு புகழ்பெற்ற மூலம் உண்டு. பீகிள் கப்பலில் பயணம் செய்த சார்லஸ் டார்வின், 1832இல் பிரேசில் காட்டில் இவற்றைக் கண்டு வியந்தார். தென்கோளத்தின் பல பகுதிகளிலும் சேர்த்துப் பன்னிரண்டு இனங்களைக் கண்டதாக எழுதினார். 1844இல் அவற்றைப் பற்றித் தனிக் கட்டுரையும் வெளியிட்டார். டாஸ்மேனியாவில் பிடித்தவற்றை மக்கிய மரத்தை உணவாகக் கொடுத்து ஏறத்தாழ இரண்டு மாதம் உயிருடன் வைத்திருந்ததாகக் குறிப்பிடுகிறார். அவை உயிரோடு இருந்தது உண்மை. மரத்தைத் தின்றதால் அன்று. மரக்கட்டை தந்த ஈரமும், பன்னிரண்டாம் கேள்வியில் வரும் பட்டினி தாங்கும் திறனுமே அவற்றைக் காத்திருக்க வேண்டும்.

உண்மையான உணவு இனத்துக்கு இனம் மாறும். மண்புழு, நத்தை, ஓடில்லா நத்தை, சருகடியில் வாழும் சிறு கணுக்காலிகள், ஏன், பிற தட்டைப்புழுக்கள்கூட இரையாகின்றன. சில இனங்கள் கிடைத்ததை உண்ணும். சில ஒரே வகை இரையை மட்டுமே நாடும். ஆப்பிரிக்காவில் மைக்ரோபிளானா டெர்மிட்டோஃபாகா என்ற இனம் கறையான் புற்றின் காற்றுத்துளை ஓரமாக வந்து, தலையை உள்ளே நீட்டி, கோழையில் ஒட்டிக்கொள்ளும் கறையான்களைப் பிடித்து உண்கிறது.

11. பல்லும் நகமும் இல்லாத புழு, தன்னைவிடப் பெரிய மண்புழுவை எப்படிக் கொல்கிறது?

சுத்தியல்தலைப் புழு ஒன்று மண்புழுவைப் பிடிக்கும் காட்சியை நெருக்கத்தில் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். தடத்தைப் பின்தொடர்ந்து வரும் புழுவின் தலை மண்புழுவைத் தொட்டதும், அதுவரை இருந்த நிதானம் மறைந்துவிடும். உடலின் முன்பகுதி மண்புழுவின் மேல் ஏறி, விளிம்புகளை இருபுறமும் கீழே மடித்துக் கவ்விக்கொள்ளும். மண்புழு துள்ளிப் புரளும். ஒட்டும் கோழையால் தட்டைப்புழு அதனுடனேயே சேர்ந்து புரளும், விடாது. பிறகு வயிற்றுப்புறத்தின் நடுவிலிருந்து வெண்மையான, மடிப்பு மடிப்பான ஒரு திரை வெளிவந்து மண்புழுவின் மேல் படரும். அதுதான் தொண்டை. அதிலிருந்து வரும் செரிமான நொதிகள் இரையின் திசுவை வெளியிலேயே கரைக்க, கரைந்ததைத் தொண்டை உறிஞ்சிக்கொள்ளும்.

பிடியும் நொதியும் மட்டுமல்ல, நஞ்சும் உண்டு. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, பைபேலியம் அட்வென்டிடியம், பைபேலியம் கியூவென்ஸ் ஆகிய இரு இனங்களில் டெட்ரோடோடாக்சின் இருப்பதைக் காட்டியது. பேத்தை மீனில் இருக்கும் அதே நரம்பு நஞ்சுதான் இது. தரையில் வாழும் முதுகெலும்பில்லா உயிர்களில் அது கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை. பெரிய இரையை அடக்க அது உதவுகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. எல்லாத் தரைத் தட்டைப்புழுக்களிலும் இந்நஞ்சு இருப்பதாக இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது.

12. அப்படியானால் வாய் வயிற்றிலா இருக்கிறது? கழிவு எங்கே போகும்? இரை கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?

ஆம், வாய் தலையில் இல்லை. உடலின் அடிப்புறத்தில், நடுப்பகுதியை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து குடல் மூன்று கிளைகளாகப் பிரிகிறது: ஒன்று முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் செல்லும். ஒவ்வொன்றும் எண்ணற்ற சிறு கிளைகளாக உடலெங்கும் பரவும். இரத்த ஓட்டம் இல்லாததால், உணவை உடலின் மூலை முடுக்குக்கெல்லாம் கொண்டுசேர்க்கும் வேலையையும் குடலே செய்கிறது. மலத்துளை கிடையாது, செரிக்காமல் எஞ்சியது வந்த வழியே வாயால் வெளியேறும். உடலில் மிகும் நீரையும் கரைந்த கழிவையும் சுடர்செல்கள் என்ற நுண்ணுறுப்புகள் வெளியேற்றுகின்றன.

இரை கிடைக்காத காலத்தில் தட்டைப்புழு தன் திசுக்களையே சிறிது சிறிதாக எரித்து உயிர்வாழும். மெலிவது மட்டுமன்று, உடலே எல்லா அளவிலும் சிறுத்துப்போகும். இப்படிப் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும்; மீண்டும் இரை கிடைத்தால் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும்.

13. இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்பது கட்டுக்கதையா?

கட்டுக்கதை அன்று. பத்தாம் கேள்வியில் சொன்ன டாஸ்மேனியப் புழுக்களில் ஒன்றை டார்வின் குறுக்காக வெட்டினார். இரண்டு வாரங்களில் இரு துண்டுகளும் முழுப்புழுவின் வடிவைப் பெற்றன என்று எழுதியிருக்கிறார். உடலெங்கும் பரவியிருக்கும் ஒருவகைக் குருத்துச் செல்கள் எந்த வகைத் திசுவாகவும் மாறக்கூடியவை என்பதே இதன் அடிப்படை. ஆனால் எல்லா இனங்களுக்கும் இத்திறன் ஒரே அளவில் இல்லை. வெட்டுப்பட்ட இடத்தைப் பொறுத்தும் விளைவு மாறும்.

பைபேலியம் கியூவென்ஸ் இதையே இனப்பெருக்க வழியாக்கிக்கொண்டிருக்கிறது. வால்நுனி தரையில் ஒட்டிக்கொள்ள, முன்னுடல் நகர்ந்துகொண்டே போகும். சிறு துண்டு ஒன்று பிரிந்து நிற்கும். அத்துண்டு உடனே தானாக ஊரத் தொடங்கும். 7 முதல் 10 நாட்களில் அதற்குத் தலை முளைக்கத் தொடங்கிவிடும்.

14. ஆண், பெண் என்று உண்டா? குட்டி போடுமா, முட்டையிடுமா?

ஒவ்வொரு புழுவும் இருபால் உயிரி. ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் ஒரே உடலில் இருக்கும். இருந்தாலும் இனச்சேர்க்கைக்கு இரண்டு புழுக்கள் கூடுவதே வழக்கம். பிறகு முட்டைகள் பலவற்றை உள்ளடக்கிய உருண்டையான கூடு ஒன்றை ஈரமான மறைவிடத்தில் இடும். இட்டவுடன் அது சிவந்த நிறத்தில் மென்மையாக இருக்கும். விரைவிலேயே கெட்டிப்பட்டுப் பளபளக்கும் கருநிறம் பெறும். கட்டையைப் புரட்டும்போது மிளகு அளவில் கறுத்த உருண்டை கண்ணில் பட்டால் விதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பைபேலியம் இனங்களில் சுமார் 3 வாரங்களில் கூடு உடைந்து குஞ்சுகள் வெளிவரும். இளவுயிரிப் பருவம் கிடையாது. குஞ்சுகள் முதல்நாளே சிறிய தட்டைப்புழுக்களாகத்தான் இருக்கும்.

15. தொட்டுவிட்டேன். விஷம் ஏறிவிடுமா?

ஏறாது. பதினொன்றாம் கேள்வியில் சொன்ன நஞ்சு உடலுக்குள் சென்றால்தான் தீங்கு. இப்புழுவுக்குக் கடிக்கவோ கொட்டவோ எந்த உறுப்பும் இல்லை. சிலருக்குக் கோழை பட்ட இடத்தில் இலேசான எரிச்சல் ஏற்படலாம். கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. பிளாட்டிடெமஸ் மனோக்வாரி என்ற நத்தையுண்ணி இனம், எலி நுரையீரல் புழுவின் இளவுயிரிகளைச் சுமக்கக்கூடியது. அந்த ஒட்டுண்ணி மனிதரின் உடலுக்குள் சென்றால் மூளையுறை அழற்சி வரலாம். ஆகவே இப்புழுக்கள் உலவும் இடத்தில் விளைந்த கீரைகளைக் கழுவாமல் பச்சையாக உண்ண வேண்டாம். நாய், கோழி முதலியவை புழுவை விழுங்காதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

16. இதைத் தின்னும் விலங்கு எதுவும் இல்லையா?

குறைவு. கோழையின் சுவை பறவைகளுக்கும் பல்லிகளுக்கும் பிடிப்பதில்லை போலும். வாயில் எடுத்தவை துப்பிவிடுவது வழக்கம். ஆனாலும் எதிரிகள் இல்லாமல் இல்லை. பிற தட்டைப்புழுக்கள் உண்ணும். பிரேசிலில் ரெக்டார்டெமான் டிப்ரெசஸ் என்ற புலாலுண்ணி நத்தை இவற்றை வேட்டையாடுகிறது. ஆஸ்திரேலியாவில் பிளானரிவோரா என்ற சிறு ஈயின் புழுக்கள் தட்டைப்புழுவின் உடலுக்குள் ஒட்டுண்ணியாக வளர்கின்றன.

17. மண்புழுவைத் தின்னும் பிராணி நல்லதா? கண்டவுடன் கொல்ல வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு, புழு எந்தக் காட்டுக்கு உரியது என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது. தன் சொந்தக் காட்டில் வாழும் தட்டைப்புழு, அங்கேயுள்ள மண்புழுக்களோடும் நத்தைகளோடும் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த வேட்டையாடி. சருகுப் படுகையின் சிற்றுலகில் புலியும் கழுகும் செய்யும் வேலையை அது செய்கிறது. அங்கே அதைக் கொல்வதற்கு ஒரு நியாயமும் இல்லை. அது அச்சத்தால் செய்யும் அழிவு மட்டுமே. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வெளிநாட்டு ஊடுருவிகளைப் பற்றிய செய்திகளைப் படித்துவிட்டு, காட்டின் உள்ளே காணும் எல்லாத் தட்டைப்புழுவையும் உப்புப் போட்டுக் கொல்வோர் இருக்கிறார்கள்.

வேறு கண்டத்திலிருந்து தொட்டி மண்ணில் வந்து சேர்ந்த இனம் என்றால் நிலைமை வேறு. அதை அடுத்த விடையில் பார்க்கலாம்.

18. அயல்நாட்டு இனங்கள் அப்படி என்னதான் செய்துவிட்டன?

நியூசிலாந்துக்கு உரிய ஆர்தர்டெண்டியஸ் டிரையாங்குலேட்டஸ் 1963இல் வடஅயர்லாந்தின் பெல்பாஸ்டிலும் 1965இல் ஸ்காட்லாந்திலும் கண்டறியப்பட்டது. மண்புழுவே அதன் உணவு. அது பெருகிய புல்வெளிகளில், குறிப்பாக ஆழமாகச் செங்குத்து வளை அமைக்கும் மண்புழுக்கள் குறைந்தன. அவ்வளைகள் வழியாகத்தான் மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது.

இன்னும் துயரமானது, பதினைந்தாம் கேள்வியில் பெயர் சொன்ன பிளாட்டிடெமஸ் மனோக்வாரியின் கதை. நியூகினியைச் சேர்ந்த இந்த இனம், பயிரைத் தின்னும் ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒழிக்க உதவும் என்று சில தீவுகளில் வேண்டுமென்றே விடப்பட்டது. அது பெருநத்தையை மட்டும் தின்னவில்லை. நத்தைத் தடத்தைப் பின்பற்றி மரமேறவும் வல்ல அது, பசிபிக் தீவுகளுக்கே உரிய சிறிய நத்தைகளையும் தின்றது. குவாம் தீவில் பார்ட்டுலா பேரினத்து மரநத்தைகளின் வீழ்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். உலகின் மிக மோசமான 100 ஊடுருவி இனங்களின் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. பின்னர் 2013இல் பிரான்சில் ஒரு பசுமைக்குடிலிலும் அது காணப்பட்டது.

பசுமைக்குடில்கள் இதில் பழைய வழி. தென்கிழக்கு ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட பைபேலியம் கியூவென்ஸ், இங்கிலாந்தின் கியூ தோட்டத்துப் பசுமைக்குடிலில் கிடைத்த புழுக்களைக் கொண்டே 1878இல் விவரிக்கப்பட்டது. விவரித்தவர், மூன்றாம் கேள்வியில் கண்ட அதே மோஸ்லி. தானாக ஊர்ந்தால் சில மீட்டர் தொலைவைக் கடப்பதே அரிதான புழு, செடித்தொட்டியின் ஈர மண்ணில் கண்டங்களைத் தாண்டுகிறது. பதின்மூன்றாம் விடையை நினைவுகூர்ந்தால், ஒரே ஒரு துண்டு வந்து சேர்ந்தாலும் போதும் என்பது புரியும்.

19. காட்டின் நலத்தை இந்தப் புழுக்களை வைத்து அறியலாம் என்கிறார்களே, எப்படி?

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் விடை வரும். உலர்ந்த நிலத்தை இவற்றால் கடக்க முடியாது. நெடுந்தொலைவு பரவ முடியாது. பல இனங்கள் மிகச் சிறிய பரப்புக்கு மட்டுமே உரியவை. இரையாக வேறு சிற்றுயிர்கள் நிறைந்திருக்க வேண்டும். மேற்கவிகை வெட்டப்பட்டு வெயில் தரையில் விழுந்தாலோ, விழுந்த மரங்கள் விறகுக்காக அகற்றப்பட்டாலோ, சருகு கூட்டி எரிக்கப்பட்டாலோ, இவற்றின் பகல்நேர மறைவிடம் முதலில் பறிபோகும். மரங்கள் நின்றுகொண்டிருக்கும், காடு பச்சையாகவே தெரியும், தரையில் மட்டும் இவை இல்லாமல் போயிருக்கும். பிரேசிலின் அட்லாண்டிக் காடுகளில் ஆய்வாளர்கள் இவற்றைச் சுட்டும் உயிர்களாகக் கருதியதற்கு இதுவே அடிப்படை.

ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரு தட்டைப்புழுவைக் கண்டதும் காடு நலமாக இருக்கிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. முந்தைய விடையில் வந்த ஊடுருவி இனங்கள், சிதைந்த இடங்களிலும் தோட்டங்களிலும்தான் செழிக்கின்றன. அவ்விடத்துக்கே உரிய இனங்கள் எத்தனை வகை வாழ்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

20. நானே காட்டில் தேடிப் பார்க்க விரும்புகிறேன். எப்படித் தேடுவது?

மழைக்குப் பிந்திய இரவில், மங்கிய கைவிளக்குடன் மெதுவாக நடந்து, கட்டைகளின் மேற்புறத்தையும் பாசி படிந்த பாறைகளையும் பாருங்கள். கோழை ஒளியில் மின்னும். பகலில் தேடுவதானால், கட்டையை உங்கள் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இருந்தபடியே திரும்ப வையுங்கள். இந்தக் கடைசிச் செயலை மறப்பவர்களே அதிகம். திறந்து விடப்பட்ட கட்டையின் அடிப்புறம் ஒரே நாளில் உலர்ந்துவிடும். அதை நம்பி வாழ்ந்த எல்லா உயிர்களும் இடம் இழக்கும். புழுவை விரலால் பிடிக்காமல், ஈரமான இலையில் ஏறவிட்டுத் தூக்குங்கள்.

21. படம் எடுத்து அனுப்பினால் இனத்தின் பெயரைச் சொல்ல முடியுமா?

பேரினம் வரை சொல்ல முடிவதே நல்வாய்ப்பு. நிறமும் கோடுகளும் ஒரே இனத்துக்குள் மாறுபடும். வெவ்வேறு இனங்களில் ஒன்றுபோலவும் இருக்கும். உறுதியான அடையாளம் இனப்பெருக்க உறுப்புகளின் உள்ளமைப்பில்தான் இருக்கிறது. அதைக் காண, உடலை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வரிசையாகப் பார்க்க வேண்டும். முதிராத புழுவில் அவ்வுறுப்புகளே வளர்ந்திருக்காது. இப்போது மரபணு ஒப்பீடும் துணைக்கு வந்திருக்கிறது. ஆனால் ஒப்பிடுவதற்கு ஏற்கெனவே பதிவான வரிசை இருந்தால்தான் அது பயன்படும்.

இருந்தாலும் நல்ல படத்துக்கு மதிப்பு உண்டு. ஆல்கஹாலில் இட்டால் நிறம் மங்கிவிடும் என்பதால், உயிருள்ளபோது எடுத்த படமே நிறத்துக்கான சான்று. புழு நீண்டு ஊரும்போது முதுகுப்புறம் முழுவதையும், தலையைத் தனியாக நெருக்கத்திலும், கண்ணாடியில் ஊரவிட்டு அடிப்புறத்தையும் எடுங்கள். அடிப்புறப் படத்தில் வாயும் அதற்குப் பின்னால் இனப்பெருக்கத் துளையும் எந்த இடத்தில் இருக்கின்றன என்பது தெரிய வேண்டும். அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இடம், நாள், எதன் அடியில் கிடைத்தது, பக்கத்தில் என்ன இரை இருந்தது என்பதையும் குறித்து வையுங்கள்.